ரவுட்டர் மேல பழி போடாதீங்க சாமி!

"நயா ரவுட்டர் லே லோ சாப்!" இந்த வருஷத்துல நாலாவது தடவையாக் கேட்டாச்சு. புனேல குடித்தனம் பண்ற நம்ம மக்கள் பாதிப் பேருக்கு இந்த வசனம் மனப்பாடம் ஆகியிருக்கும். ஆளு வருவார், பிளக்கைப் பிடுங்கிச் சொருகுவார், ரீசெட் ஓட்டையில குண்டூசியால குத்துவார், கடைசியில புதுசு வாங்கச் சொல்வார். பழசுல என்ன கோளாறுன்னு மட்டும் வாயே திறக்க மாட்டார்.

காலையில பொண்ணுக்குப் பரீட்சை. ராத்திரி பத்து மணிக்கு ஹால் டிக்கெட் பிரிண்ட் ஆகலை. ரெண்டு லேப்டாப்லயும் நெட் இருக்கு. என்னோடதுல இருந்து பிரிண்டர் ஓடுது, அவளோடதுல இருந்து ஓடலை. அப்போ பிரிண்டர் செத்துப் போச்சுன்னு எப்படிய்யா சொல்றது?

ஐபிகான்ஃபிக் அடிச்சுப் பார்த்தேன். அவளோடது 192.168.1.5. பிரிண்டர் 192.168.0.20. விஷயம் இவ்வளவுதான்! நெட் கம்பெனி குடுத்த பொட்டியில ஒரு வைஃபை, அதுக்குப் பின்னாடி நான் மாட்டின ரவுட்டர்ல இன்னொரு வைஃபை. பொண்ணு முன் வாசல்ல, பிரிண்டர் கொல்லைப்புறத்துல. டிரேஸர்ட் போட்டா முதல் படி 192.168.1.1, அப்புறம் வெறும் நட்சத்திரம். அந்தப் பொட்டிக்கு 192.168.0 எங்கேன்னு யாரும் சொல்லித் தரலை. தெரியாததை எல்லாம் அது இன்டர்நெட் பக்கம் தள்ளிடும். 192.168ன்னு ஆரம்பிக்கிறது 1996ல ஆர்.எஃப்.சி. 1918 உள் உபயோகத்துக்குன்னு ஒதுக்கின முகவரி. வெளியில போனா நாதியில்லை.

(பிங் பதில் வரலைன்னா உடனே வழியே இல்லைன்னு முடிவு கட்டாதீங்க. விண்டோஸ் ஃபயர்வால் கதவைச் சாத்தியிருந்தாலும் அப்படித்தான்.)

அன்னிக்கு ராத்திரி அவளை என் வைஃபைக்கு மாத்தினேன், ஹால் டிக்கெட் வந்துருச்சு. மறுநாள் என் ரவுட்டர்ல டிஹெச்சிபியை அணைச்சு, அதுக்கு 192.168.1.2ன்னு முகவரி குடுத்து, வேன் ஓட்டையில இருந்த ஒயரை லேன் ஓட்டைக்கு மாத்தினேன். எல்லாரும் ஒரே தெரு. பிரிண்டரை மட்டும் ஒருதரம் திரும்பச் சேர்க்க வேண்டியிருந்தது. செலவு சைபர்.

"நாங்க கம்ப்யூட்டர் ஆளுங்க இல்லையே"ம்பீங்க. சரி, வர்றவர்கிட்ட "ரெண்டுக்கும் முகவரி என்ன?"ன்னு மட்டும் கேளுங்க. தெரியாம முழிச்சார்னா பர்ஸைத் திறக்காதீங்க.

இதுல இன்னொரு கூத்து. கம்பெனிப் பொட்டியிலயே வழியை எழுதி வைக்கலாம்னு அட்மின் பாஸ்வேர்ட் கேட்டேன். தரமாட்டாங்களாம், பாதுகாப்பாம். புதுப் பொட்டி விக்கும்போது மட்டும் அந்தப் பாதுகாப்பு எங்க போச்சுன்னு கேட்டிருக்கேன். புகார் எண் குடுத்திருக்காங்க, பதில் இன்னும் வரலை.