மாமா, ஒரு கார்டு வாங்கிட்டு வாங்க

ஊருக்கு டிக்கெட் போட்டாச்சுன்னு சொன்னது தான் தாமதம், ரெண்டு வீட்டுல இருந்தும் லிஸ்ட் வந்துடுச்சு. ஒரு காலத்துல கோடாலித் தைலம், சென்ட் பாட்டில்னு கேட்டாங்க. இப்ப கேக்குறது கிராபிக்ஸ் கார்டு!

கேட்டது ரெண்டு பேர். கொழிஞ்சாம்பாறையில அண்ணன் பையன், பூப்பாறையில அக்கா பையன். ஒருத்தன் பாலக்காட்டு எல்லை, இன்னொருத்தன் இடுக்கி எல்லை. ஒருத்தன் சித்தப்பாங்கிறான், இன்னொருத்தன் மாமாங்கிறான். லிஸ்ட் மட்டும் வரி மாறாம ஒன்னு. ரெண்டு பேரும் ஒரே யூடியூப் வீடியோவைப் பார்த்திருக்கானுங்க. பட்ஜெட் ஆளுக்கு 70,000 ரூபா. அதுல பாதி கார்டுக்கே போகுது. பவர் சப்ளைக்கு நேரா 'ஏதாவது 500 வாட்' அப்படின்னு எழுதியிருக்கு. யுபிஎஸ்ங்கிற வார்த்தையே லிஸ்ட்ல கிடையாது.

அங்க தான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. ஏன்னு சொல்றேன்.

2003ல அப்பா தேங்கா வித்த காசுல எங்க வீட்டுக்கு மொத கம்ப்யூட்டர் வந்துச்சு. கோயமுத்தூர்ல அசெம்பிள் பண்ணி, மானிட்டரை மடியில வெச்சுக்கிட்டு, வேலந்தாவளம் வழியா பஸ்ல கொண்டு வந்தோம். அந்த ஐப்பசியில ஒரு சாயங்காலம் இடி. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கிட்டேன். டெலிபோன் ஒயரை மறந்துட்டேன். மின்னல் மோடம் வழியா வந்து மதர்போர்டைத் தின்னுட்டுப் போயிடுச்சு. அப்பா ஒரு வார்த்தை சொல்லல. எட்டு மாசம் அந்தப் பொட்டி துணி போர்த்தினபடியே கூடத்துல கிடந்துச்சு. சோறு திங்கிறப்பல்லாம் அதைப் பார்த்துக்கிட்டே தின்னேன். அந்த எட்டு மாசம் கத்துக்கொடுத்ததைத் தான் இங்க சொல்றேன்.

நம்ம ஊர் வீட்டுக்கு கம்ப்யூட்டர் பாகம் தேர்ந்தெடுக்கணும்னா சுவத்துல இருக்குற பிளக் பாயிண்ட்ல இருந்து ஆரம்பிச்சு உள்ள வரணும். கார்டு கடைசி.

முதல்ல கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டுக் கணவாய் பக்கம் வெயில் எப்படின்னு சொல்லத் தேவையில்லை. 2024 ஏப்ரல்ல பாலக்காட்டுல 41 டிகிரியைத் தாண்டுச்சு. அண்ணன் பையனோட ரூம் மொட்டை மாடிக்குக் கீழ, மத்தியானம் சுவரே சுடும். லிஸ்ட்ல இருக்குற கேபினெட் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. பாக்க ஜோரா இருக்கும், காத்து எங்கிருந்து வரும்? அவனுக்கு நான் சொன்னது: முன்னாடி வலை வெச்ச கேபினெட், ரெண்டு ஃபேன் உள்ள இழுக்க, ஒன்னு பின்னாடி வெளிய தள்ள. கலர் லைட் எதுவும் வேண்டாம் சாமி. இன்னொன்னு எர்த்து. சித்தூர் தாலூகா கிழக்குப் பக்கம் மழை குறைவு. கோடையில மண்ணு காஞ்சு போனா எர்த்து குழி பேருக்குத் தான் இருக்கும். கம்ப்யூட்டர் வாங்குறதுக்கு முன்னாடி எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாக்கச் சொன்னேன். குழியில அப்பப்போ தண்ணி ஊத்தணும்னும் சொன்னேன். 'சித்தப்பா, கம்ப்யூட்டரைக் கேட்டா குழிக்குத் தண்ணி ஊத்தச் சொல்றீங்க'ங்கிறான் :-)

பூப்பாறை கதை வேற. அங்க சூடு பிரச்சினை இல்ல. மழை, ஈரம், இடி, மரம் ஒயர் மேல சாஞ்சா கரண்ட் போறது, திரும்ப வர்றப்ப ஏறி இறங்கி வர்றது, இது தான் பிரச்சினை. அவனுக்கு யுபிஎஸ் இல்லாம கம்ப்யூட்டரே வேண்டாம். அப்ப வாட் கணக்கு போட்டாகணும். 600 விஏ யுபிஎஸ்னு விக்கிறது பெரும்பாலும் 360 வாட் தான் தாங்கும். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு மட்டுமே 170 வாட் வரைக்கும் இழுக்கும். அதுக்குப் பின்னாடி 2023ல வந்த 4060க்கு 115 வாட் போதும். ரைசன் 5 5600 பிராசசருக்கு 65 வாட்னு போட்டிருப்பாங்க, கொஞ்சம் கூடவே இழுக்கும். மானிட்டரையும் சேர்த்தா சின்ன யுபிஎஸ் மூச்சு முட்டும். அதனால வாட் குறைஞ்ச கார்டு, 1000 விஏ யுபிஎஸ், நல்ல பேர் வாங்கின 550 வாட் பவர் சப்ளை. '80 பிளஸ்' முத்திரையைப் பார்த்து ஏமாறாதீங்க. கரண்ட் எவ்வளவு வீணாகுதுன்னு தான் அது சொல்லும். வோல்ட்டேஜ் எகிறினா காப்பாத்துமான்னு சொல்லாது.

அப்புறம், இடி இடிச்சா எல்லாத்தையும் பிடுங்கணும். யுபிஎஸ் இருக்கேன்னு சும்மா இருக்கக்கூடாது. ஃபைபர் லைன்ல மின்சாரம் வராது தான். ஆனா ரவுட்டரோட அடாப்டர் வழியா வந்து லேன் ஒயர்ல ஏறிடும். டெலிபோன் ஒயரை மறந்தவன் சொல்றேன், கேட்டுக்குங்க.

'மாமா, இதெல்லாம் வாங்கினா கார்டுக்குக் காசு பத்தாதே?' நியாயமான கேள்வி. 2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரியை அள்ளிக்கிட்டுப் போக, ரேம் விலையும் எகிறிடுச்சு. அதுக்கும் வழி இருக்கு. 5600க்குப் பதிலா 5600ஜி வாங்கினா படம் காட்டுற சிப்பு உள்ளயே இருக்கு. ரேமை ஒரே குச்சியா வாங்காம ரெண்டு குச்சியா வாங்கிப் போட்டா அந்தச் சிப்புக்கு நல்ல தெம்பு. அவன் ஆடுற வேலரண்ட் அதுலயே தாராளமா ஓடும். கார்டு அடுத்த ஏலக்கா சீசன்ல வாங்கிக்கலாம். ஆனா வேலரண்டுக்கு விண்டோஸ் வேணும். ஸ்கூல்ல பழகின லினக்ஸ்ல அது ஓடாது. அந்தச் செலவையும் லிஸ்ட்ல சேர்க்கணும்.

இப்ப நம்ம விஷயம், அதாவது வெளிநாட்டுல இருக்குற மாமா, சித்தப்பாக்களோட விஷயம். கார்டை நாமளே வாங்கிட்டுப் போறது பெருமை தான். பொட்டியைத் திறக்குறப்ப பையன் மூஞ்சியைப் பாக்குற சந்தோஷம் எனக்கும் தெரியும். ஆனா பல கம்பெனி கார்டுகளுக்கு வாங்கின நாட்டுல தான் வாரண்டி. ஏழாவது மாசம் அது மக்கர் பண்ணினா அந்தப் பையன் யார்கிட்ட போவான்? நமக்கு கூரியர் அனுப்பவா? கோயமுத்தூர்லயோ தேனியிலயோ பில் போட்டு வாங்கினா, பஸ் ஏறிப் போய் கடைக்காரர்கிட்ட நிக்கலாம். 18 சதவீதம் ஜிஎஸ்டி போகுதேன்னு கணக்குப் பாக்காதீங்க. பில்லு தான் அவனுக்குத் துணை.

அக்கா போன்ல கேட்டா: 'விளையாடுறதுக்கு இவ்வளவு காசா தம்பி?' எனக்கும் சட்டுன்னு பதில் வரல. யோசிச்சுட்டு சொன்னேன்: 'அவன் கையால ஒவ்வொரு பாகமா மாட்டி, மொத தடவை லைட் எரியறதைப் பாக்கட்டும்க்கா. எனக்கு அந்த எட்டு மாசம் கிடைக்காதது அது தான்.' அக்காவுக்குப் புரிஞ்சிருக்கும். அந்தப் பொட்டிக்குத் துணி போர்த்தினதே அவ தான்.

ஆக, கார்டு வாங்கிட்டுப் போகப் போறதில்ல. ரெண்டு வீட்டுக்கும் யுபிஎஸ், பவர் சப்ளை காசு என்னோடது. மிச்சத்தை அவனுங்க பார்த்துக்கட்டும். லீவுல போறப்ப ஸ்க்ரூ டிரைவரோட பக்கத்துல உக்காந்திருப்பேன். பேச மாட்டேன், கேட்டா மட்டும் சொல்வேன்.

உங்க வீட்டுப் பசங்க லிஸ்ட் அனுப்பினா விலையைப் பாக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'தம்பி, வீட்டுல எர்த்து இருக்கா?'