மணப்பட்டுத் தோழரின் விண்ணப்பம்

சென்ற வாரம் மணப்பட்டிலிருந்து ஓர் இளந்தோழர் நம் காரியாலயத்துக்கு வந்தார். கையில் பதினான்கு பக்கப் படிவம் ஒன்று. ஆவணப்படம் எடுக்க மானியம் கோரும் விண்ணப்பம் அது. அவருடைய தகப்பனார் ரோடியர் ஆலையில் தறி ஓட்டியவர். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று இருபது வருஷம் சைக்கிள் மிதித்து ஷிப்டுக்குப் போனவர். 1898-ல் தொடங்கிய அந்த ஆலை 2011 டிசம்பர் 30-ந் தேதி வீசிய தானே புயலில் நொறுங்கியது. அப்புறம் நொண்டி நொண்டி ஓடி, 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. பாகூர் கொம்யூனின் கிராமங்களிலிருந்து ஆலைக்குப் போய்வந்த அந்த சைக்கிள் தொழிலாளிகளின் கதையை, அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து ஒரு மணி நேரப் படமாக எடுக்க வேண்டும் என்பது மகனின் விருப்பம்.

"படிவத்தை நிரப்பலாமா, கூடாதா? கிளைக் கூட்டத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள், தோழர். நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

நிரப்பத்தான் வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். ஆனால் கூடாது என்று சொன்ன தோழர்களை நாம் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அவர்களுடைய சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறது; சரித்திரமும் இருக்கிறது.

காசு கொடுக்கிறவன் கதையையும் தன் பக்கம் இழுப்பான் என்பது அவர்கள் வாதம். உலகம் முழுவதும் பேர் பெற்ற முதல் ஆவணப்படமான 'நானூக் ஆஃப் தி நார்த்' 1922-ல் வெளிவந்தது. பனிப் பிரதேசத்து இன்யூட் மக்களின் வாழ்க்கையைச் சொல்லும் படம். பணம் போட்டது யார்? ரெவில்லோன் என்ற பிரெஞ்சுத் தோல் வியாபாரக் கம்பெனி! அந்த வேடன் கொண்டுவந்து போடும் தோலுக்குக் கம்பெனி கொடுத்த விலை நியாயம்தானா என்று படம் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? 1929-ல் பிரிட்டனில் ஜான் கிரியர்சன் கடலோடிகளைப் பற்றி 'டிரிஃப்டர்ஸ்' எடுத்தார். வலை இழுக்கும் கைகளை அதற்கு முன் யாரும் அவ்வளவு மரியாதையோடு திரையில் காட்டியதில்லை. மணப்பட்டுக் கரையில் நிற்கிற மீனவத் தோழர் இன்று பார்த்தாலும் அந்தக் கைகளைத் தம் கை என்றே சொல்வார். ஆனால் அதற்குப் பணம் கொடுத்தது சாம்ராஜ்யத்துச் சரக்குகளை விற்பதற்கென்று சர்க்கார் வைத்திருந்த வாரியம். 

நம் நாட்டுக் கதையையும் சொல்லிவிடுவோம். 1948-ல் மத்திய சர்க்கார் 'பிலிம்ஸ் டிவிஷன்' என்ற இலாகாவை ஏற்படுத்தியது. கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் அதன் செய்திப் படத்தைக் காட்டியே தீர வேண்டும் என்பது சட்டம். அதற்குக் கொட்டகைக்காரர் வாடகையும் கட்ட வேண்டும். அணைக்கட்டு, மந்திரி, மாலை, மறுபடி அணைக்கட்டு! அந்த நேரத்தில் வெளியே நின்று பீடி பிடித்தவர்களில் நம் மூத்த தோழர்களும் உண்டு. அதற்குள்ளிருந்தும் சில நல்ல கலைஞர்கள் நல்ல படங்கள் எடுத்தார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. 2022 மார்ச்சில் அந்த இலாகாவின் வேலைகளைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் கையில் சர்க்கார் ஒப்படைத்தது. பீடிக்குக் கிடைத்த அவகாசம் அதற்கு முன்பே போய்விட்டது.

ஆக, பணத்துக்கு நிறம் உண்டு. அதனால் தொடவே கூடாது என்பது முடிவாகிவிடுமா?

ரெனே வோத்தியே என்ற பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுத் தோழரின் கதையை நம் கிளைக் கூட்டங்களில் சொல்ல வேண்டும். புதுவையில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த அதே காலம். இருபது வயது தாண்டிய இளைஞர். பிரான்சின் கல்விக் கழகம் ஒன்று 1949-ல் அவரை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. பிரெஞ்சு ஆட்சி அங்கே பள்ளிக்கூடம் திறந்து அறிவு வளர்க்கிறது என்று மாணவர்களுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும், அதுதான் ஏற்பாடு. அவர் போய்ப் பார்த்தார். பள்ளிக்கூடத்தைக் காட்டிலும் எரிக்கப்பட்ட கிராமங்களும், கம்பெனிகளின் கொள்ளையும், கூலிக்கு உயிரை விடும் மக்களும்தான் கண்ணில் பட்டன. கண்டதையே எடுத்தார். போலீசார் படச்சுருள்களைப் பறிமுதல் செய்தார்கள். தப்பிய சுருள்களைக் கொண்டு 'ஆப்ரிக் 50' என்ற சிறு படத்தை முடித்தார். ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. படத்துக்கு நாற்பது வருஷத்துக்கு மேல் தடை. கொடுத்தவன் கேட்டது ஒன்று, எடுத்தவர் கொண்டுவந்தது வேறொன்று. அதற்குக் கொடுத்த விலையையும் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

இன்னொரு பாதையும் உண்டு. ஆனந்த் பட்வர்தன், 1997-ல் பம்பாய் ரமாபாய் நகரில் போலீஸ் துப்பாக்கிக்குப் பத்து தலித் மக்கள் பலியானதிலிருந்து தொடங்கி, 'ஜெய் பீம் காம்ரேட்' படத்தை 2011-ல் முடித்தார். பதினான்கு வருஷம்! எவர் தயவுக்கும் காத்திராத படம்தான். ஆனால் பதினான்கு வருஷம். மணப்பட்டுத் தோழருக்கு அவ்வளவு காலம் இல்லை. காரணம் எளிது. அவர் பேட்டி காண வேண்டிய தொழிலாளிகள் எழுபதைத் தாண்டியவர்கள். படிவத்தோடு ஐந்து பேரின் பெயர் கொண்டுவந்திருந்தார். பட்டியல் எழுதிய பிறகு அதில் ஒருவர் காலமாகிவிட்டார்.

இங்கே நம்முடைய குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1936 ஜூலை 30-ந் தேதி சவானா ஆலை வாசலில் பிரெஞ்சு சர்க்காரின் துப்பாக்கி பன்னிரண்டு தொழிலாளிகளைக் கொன்றது. அந்த ரத்தத்தின் விலையாக 1937-ல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. வருஷந்தோறும் ஜூலை 30-ல் நாம் மாலை போடுகிறோம், முழங்குகிறோம். அந்த வாசலில் நின்றவர்கள் உயிரோடு இருந்த ஐம்பது, அறுபது வருஷத்தில் அவர்களை உட்கார வைத்துப் பேசச் சொல்லி எத்தனை அடி சுருள் எடுத்தோம்? தலைவர் வ. சுப்பையாவின் எழுத்து இருக்கிறது. அவர் நடத்திய 'சுதந்திரம்' ஏடு இருக்கிறது. நூற்பு இலாகாவில் நின்ற பெண் தொழிலாளியின் குரல்? அது போனது போனதுதான். இப்போது ஆலை மூடியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கூடாது என்கிற தோழர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

"கைபேசியில் எடுத்தால் போதாதா, இதற்கு மானியம் எதற்கு?" என்று ஒருவர் கேட்டாராம். எடுக்கலாம், இன்றைக்கே எடுக்கத் தொடங்க வேண்டும் என்றுகூட நாம் அந்தத் தோழருக்குச் சொன்னோம். ஆனால் ஒலி சரியாகப் பதியாவிட்டால் கிழவர் பேசியது காற்றோடு போகும். பழைய படத்துண்டு வாங்கப் பணம், தொகுப்பாளருக்குச் சம்பளம், பொதுவில் காட்டுவதானால் தணிக்கைச் சான்றிதழுக்குக் கட்டணம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வருஷம் வேறு வேலைக்குப் போகாமல் அலைகிறவன் சாப்பிட வேண்டும். அவருடைய வரவு செலவுத் திட்டத்தைப் புரட்டிப் பார்த்தோம். காமிரா வாடகை, பயணம், தொகுப்பு எல்லாவற்றுக்கும் தொகை போட்டிருந்தார். 'இயக்குநர் சம்பளம்' என்ற இடத்தில் பூஜ்யம்! தியாகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கூலியில்லா வேலையை எதிர்த்துச் சங்கம் வைத்தவரின் மகன் தம் உழைப்புக்குப் பூஜ்யம் எழுதலாமா? அடித்துவிட்டு, மாதச் சம்பளம் எழுதச் சொன்னோம். ஒலிப்பதிவுக்கு உடன்வரும் பையனுக்கும் அப்படியே.

எங்கே கேட்பது என்பது அடுத்த பிரச்னை. பெங்களூரில் 1993-ல் ஏற்பட்ட 'இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்' என்ற அமைப்பு கலை ஆராய்ச்சிக்கும் கலைப் படைப்புக்கும் மானியம் தருகிறது. எந்த இந்திய மொழியிலும் விண்ணப்பம் எழுதலாம் என்பது அதன் ஏற்பாடு. இங்கிலீஷ் தெரியவில்லையே என்று தயங்குகிற நம் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். தில்லியில் 2000-ல் ஏற்பட்ட பொதுச் சேவை ஒளிபரப்பு அறக்கட்டளை நூற்றுக்கணக்கான ஆவணப்படங்களுக்குப் பணம் கொடுத்தது. ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவை ஒட்டி 1998 முதல் ஒரு நிதி இயங்குகிறது. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கக் கலைஞர்களுக்கானது.

வெளிநாட்டுப் பணம் என்றதும் எச்சரிக்கை வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், பிறந்த அந்நிய நன்கொடைச் சட்டம் 2010-ல் புதிதாக எழுதப்பட்டு, 2020-ல் இன்னும் இறுக்கப்பட்டது. கட்சி அந்நியப் பணம் வாங்கக் கூடாது. அரசியல் தன்மையுள்ளது என்று சர்க்கார் அறிவிக்கும் சங்கமும் வாங்கக் கூடாது. செய்தி, நடப்பு விவகாரம் பற்றி ஒளிப்பட நிகழ்ச்சி தயாரிக்கும் அமைப்புகளுக்கும் தடை. பதிவு பெற்ற ஓர் அமைப்பு தான் வாங்கியதை இன்னொன்றுக்கு மாற்றித் தருவதையும் 2020 திருத்தம் நிறுத்திவிட்டது. அந்நிய மூலதனம் ஆலைக்குள் வரலாம், துறைமுகத்துக்குள் வரலாம். ஒரு தொழிலாளியின் பேட்டிக்கு வந்தால் மட்டும் தேசத்துக்கு ஆபத்து! இந்தச் சட்டத்தை நாம் எதிர்க்கிறோம். எதிர்ப்பது வேறு, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு. ஆகையால் சங்கத்தின் பெயரையோ சங்கத்தின் வங்கிக் கணக்கையோ அந்தப் படிவத்தில் எழுத வேண்டாம். வெளிநாட்டு நிதிக்கு எழுதுவதானால் முதலில் ஒரு வக்கீல் தோழரிடம் காட்டிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்து, தமக்காகப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் படம் அவருக்கே சொந்தம். மானியம் என்ற பெயரில் கொடுத்துவிட்டு, உள்ளே 'எமக்காகத் தயாரிக்கப்படும் படம்' என்று ஒரு வரி நுழைத்திருந்தால், கிழவர்களின் கதை கொடுத்தவனின் அலமாரிக்குப் போய்விடும். உரிமை எடுத்தவரிடம் இருக்கும், சங்கக் கூட்டங்களில் கட்டணமின்றிக் காட்டலாம், வெட்டச் சொல்லும் அதிகாரம் கொடுத்தவருக்கு இல்லை. இந்த மூன்றும் எழுத்தில் இருந்தால் கையெழுத்துப் போடலாம். இல்லையென்றால் பேனாவை மூடிவிட்டு மணப்பட்டுக்குப் பஸ் ஏறிவிடலாம்.

பாகூரில் மானியம் புதிதல்ல என்பதையும் இந்த இடத்தில் நினைக்கத் தோன்றுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், பாகூர் வித்யாஸ்தானம் என்ற கல்லூரிக்கு மூன்று கிராமங்களைத் தானமாகக் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. படிப்புக்கு ஊர்ப் பணம் ஒதுக்குவது நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த மூன்று கிராமங்களிலும் ஏர் பிடித்தவனின் பிள்ளை அந்தக் கல்லூரியின் திண்ணையையாவது மிதித்திருப்பானா? விளைச்சல் அவனுடையது, வித்தை வேறொருவருடையது. இன்று அந்த உழவனின் வம்சத்தில் வந்த ஒருவன் படிவம் நிரப்பி, என் அப்பனின் கதைக்கும் ஒதுக்கு என்று கேட்கிறான். இதைப் பிச்சை என்று யார் சொல்வது? 

ஆகவே புதுவை சர்க்காரிடமும் கேட்போம். நல்ல தமிழ்ப் படத்துக்கு சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் விருது கொடுக்கிறார்கள்; மகிழ்ச்சி. எடுத்து முடித்தவருக்கு விருது கிடைக்கிறது, எடுக்கக் காசில்லாதவருக்கு? கேரளத்தில் பெண் இயக்குநர்களின் படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை தரும் திட்டத்தை அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2019-ல் தொடங்கியது. ஆவணப்படத்துக்கு அதில் நூற்றில் ஒரு பங்கு போதுமே! சட்டமன்றத்தில் நம் உறுப்பினர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கோரிக்கையைக் கொம்யூன் மாநாடுகளில் தீர்மானமாகப் போடலாம்.

மானியம் வராமலும் போகலாம். நூறு பேர் கேட்டால் ஐந்து பேருக்குக்கூடக் கிடைக்காத காரியம் இது. அப்போது நம் கை எங்கே? 1960-ல் நம் தோழர்களும் நண்பர்களும் பங்குப் பணம் சேர்த்து, நிமாய் கோஷ் இயக்கத்தில், எம்.பி. சீனிவாசன் இசையில், 'பாதை தெரியுது பார்' எடுத்தார்கள். தேசிய அளவில் பாராட்டுப் பெற்றும் கொட்டகைகளில் அது நிலைக்கவில்லை என்பது நம் மனத்தில் இன்னும் ஆறாத புண். 1976-ல் குஜராத்தில் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு 'மந்தன்' வந்தது. ஜான் ஆபிரகாமும் தோழர்களும் 1984-ல் கோழிக்கோட்டில் ஒடேசா அமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகப் படம் காட்டி, துண்டேந்திச் சில்லறை வாங்கி, 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்து முடித்தார்கள். 2017-ல் தோழர் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' வந்தது. திரையிட அனுமதி மறுத்தபோது இணையத்தின் வழியே வீடுவீடாகப் போயிற்று.

மணப்பட்டுத் தோழர் திருத்திய படிவத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் அவருக்கு வேண்டியவை சில, பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் உள்ள தோழர்களின் வீட்டுப் பெட்டிகளிலேயே இருக்கின்றன: பழைய ஆலை அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வேலைநிறுத்தத்தில் எடுத்த போட்டோ, சங்கத்தின் துண்டுப் பிரசுரம். கரையான் தின்பதற்கு முன் கிளைச் செயலாளரிடம் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் வீட்டில் இருந்தால் எந்த நேரத்தில் வந்தால் பேச முடியும் என்பதையும் எழுதி அனுப்புங்கள். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார், சைக்கிளில்.