சான்றிதழுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும்: கல்முனைக் கரையோரத் தொழில்நுட்பவியலாளர்களின் நிலைப்பாடு

சவூதி அரேபியாவும் குவைத்தும் கட்டாரும் எம்மவரின் தொழிற்தகைமையைச் சரிபார்ப்பதை எமது அமைப்பு எதிர்க்கவில்லை. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள் என்று தெரிந்தே முதலில் சொல்லிவிடுகிறோம். கல்முனையில் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு மின் இணைப்புக் கேட்டால், வயரிங் பரிசோதனை அறிக்கையைக் கொண்டு வா என்கிறது மின்சார சபை. ரியாத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் மின்பலகையைத் திறக்கப் போகிறவர் யார் என்று அந்நாடு கேட்பதும் அதே நியாயந்தான். 2016இல் இந்தியாவுடனான எட்கா பொருளாதார ஒத்துழைப்பு உடன்படிக்கை பேசப்பட்டபோது, தகைமை தெரியாத ஆட்கள் வந்து இறங்குவார்கள் என்று கொழும்பில் தொழில்வல்லுநர் சங்கங்கள் கொடி பிடித்தன. இங்கே சரியாகப் பட்ட கேள்வி கடல் கடந்ததும் அநியாயமாகிவிடாது.

அந்த நாடுகள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நம் நாட்டில் வாய் திறப்பதில்லை. எமது முறைப்பாடு அதுதான்.

சவூதியில் தொழிற்திறன் பரிசோதனைத் திட்டம் 2021இல் தொடங்கியது. மின்னியலாளர், குழாய் பொருத்துநர், வெல்டர், குளிரூட்டி திருத்துநர் போன்றோர் எழுத்துப் பரீட்சைக்கும் செய்முறைப் பரீட்சைக்கும் தோற்ற வேண்டும். பொறியியல் சார்ந்த பதவி என்றால் சவூதிப் பொறியியலாளர் பேரவையில் பதிவு வேண்டும். பதிவு இல்லையேல் இகாமா என்ற குடியிருப்பு அனுமதி நகராது. டிப்ளோமா படித்த தொழில்நுட்பவியலாளரும் இதற்குள் அடக்கம். 2024 ஜூலையில் பொறியியல் பதவிகளில் நான்கில் ஒன்று சவூதியருக்கு என்று விதித்ததிலிருந்து, மிஞ்சிய இடங்களுக்கான நெருக்கடி கூடிவிட்டது. குவைத்தில் நடந்ததையும் நம்மவர் மறக்கக் கூடாது. 2018இல் அந்நாட்டுப் பொறியியலாளர் சங்கத்தின் அனுமதி இல்லாமல் பொறியியலாளராகக் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க முடியாது என்ற விதி வந்தது. இந்தியத் தேசியத் தரச்சான்று வாரியத்தின் பட்டியலில் இல்லாத கல்லூரிகளில் படித்த இந்தியர்கள் பல ஆண்டு வேலை செய்த பின்னும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். பலர் வேறு பதவிப் பெயரை ஏற்றுக்கொண்டுதான் அங்கே தங்கினார்கள். கையில் இருந்த பட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அதற்குப் பொறுப்புச் சொல்ல ஊரில் ஒரு பட்டியல் இருந்ததா என்பதே கேள்வியாயிற்று.

எம்மவருக்கு நடப்பது இதைவிடச் சில்லறையானது. ஆனால் அடிக்கடி நடப்பது. சான்றிதழைச் சரிபார்க்கும் பொறுப்பை சவூதிப் பேரவை டேட்டாஃப்ளோ என்ற தனியார் நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறது. விண்ணப்பதாரர் தரும் பிரதியை அந்த நிறுவனம் நம்பாது; அதை வழங்கிய கல்லூரிக்கே நேரே எழுதிக் கேட்கும். அங்கே மின்னஞ்சலைத் திறக்க ஆள் இல்லை, அல்லது பழைய பதிவேடு எந்த அலுமாரியில் என்று தெரிந்த அலுவலர் இடமாற்றத்தில் போய்விட்டார். பதில் வராவிட்டால் அறிக்கை ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று வரும். படித்தவர் படித்தது உண்மை, சித்தியடைந்தது உண்மை, கட்டிய கட்டணமும் உண்மை. விசாவுக்கான காலம் மட்டும் கரைந்துபோகும்.

இதில் எங்கள் கரைக்கென்று தனியான ஒரு சிக்கலும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கடலோர வீடுகளோடு சான்றிதழ்களும் போயின. அனுபவக் கடிதம் தந்திருக்கக்கூடிய கொந்தராத்துக்காரரும் அவருடைய கணக்குப் புத்தகங்களும் போயின. அன்று வாலிபர்களாக இருந்தவர்கள் இன்று நாற்பதைத் தாண்டியும் வளைகுடாவில் நிற்கிறார்கள். அவர்களிடம் ‘மூலப்பிரதி’ கேட்கும் படிவத்தில் இதை எழுத இடமில்லை.

பெயரும் பெரிய தலையிடி. பிறப்புச் சான்றிதழ் தமிழில். கடவுச்சீட்டில் முஹம்மது ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டில், கல்லூரிச் சான்றிதழில் இன்னொன்றில். ஏ.எல்.எம். என்று ஒன்றில் சுருக்கம், மற்றொன்றில் அஹமது லெப்பை என்று விரிவு. ஊரில் எவருக்கும் சந்தேகம் வராது. கணினிக்கு இவர்கள் இரண்டு பேர். சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தாலும் எல்லா இடத்திலும் எடுபடுவதில்லை.

விசாவில் எழுதும் பதவிப் பெயர் பற்றி எமது உறுப்பினர்களுக்கே சற்றுக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிப்ளோமா வைத்திருக்கும் பிள்ளையை ‘லேபர்’ விசாவில் ஏற்றிவிட்டு, போன பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று உப முகவர் சொல்வார், பெற்றோரும் தலையாட்டுவார்கள். போன பிறகு மாற்றுவது கபீலின், அதாவது அங்கே வேலை தருபவரின், தயவு. விபத்து நடந்தால் நட்டஈடும் அந்தப் பதவிக்குப் பதிந்த சம்பளத்தைப் பொறுத்துக் குறையலாம். போலி அனுபவக் கடிதம் இன்னும் மோசம். ஒன்று பிடிபட்டால் அந்த ஊர்க் கடிதங்கள் அத்தனையும் சந்தேகத்துக்குள்ளாகின்றன. அப்படிப்பட்ட கடிதத்தோடு வருபவருக்கு எமது அமைப்பு பரிந்து பேசாது, உறவினரானாலும்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க இலங்கைப் பொறியியல் பேரவைச் சட்டம், பட்டயப் பொறியியலாளருடன் பொறியியல் டிப்ளோமாதாரரையும் பொறியியல் தொழில்நுட்பவியலாளரையும் பதிவுக்குரிய வகுப்புகளாகவே ஏற்கிறது. ஆனால் கவனமெல்லாம் மேல்தட்டில். பொறியியல் பட்டத்துக்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014இல் சேர்ந்தது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் மாணவருக்கு அந்த வழியில் நம்பிக்கை உண்டு. சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து வெளியேறுபவருக்கு அது உதவாது. அவருக்குரியது தொழில்நுட்பவியலாளருக்கான டப்ளின் உடன்படிக்கை. அதில் முழு உறுப்புரிமை பெறும் வேலைக்கு அதே முனைப்பு வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது: அரச தொழிற்பயிற்சி நிறுவனம் ஒவ்வொன்றிலும் வெளிநாட்டுச் சரிபார்ப்புக் கடிதங்களுக்குப் பெயர் குறித்த ஓர் அலுவலர், பதினான்கு நாட்களுக்குள் பதில், பதிலின் பிரதி விண்ணப்பதாரருக்கும். சுனாமியில் ஆவணம் இழந்தவருக்குப் பிரதேச செயலகத்தின் உறுதிப்படுத்தலோடு மறுபிரதி. கைவேலை தெரிந்தும் காகிதம் இல்லாதவருக்கு, முன்கற்றலை ஏற்று தேசிய தொழிற்தகைமை வழங்கும் மதிப்பீடு கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் தமிழில், ஆண்டு முழுவதும். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவில்லாமல் கவர்ச்சியான சான்றிதழ் விற்கும் நிலையங்களின் பெயர்ப்பலகைகளைக் கழற்ற வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் ஒப்பந்தத்தைப் பதியும்போது, அதிலுள்ள பதவிப் பெயரைச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் பயணிக்கு அவருடைய மொழியில் சொல்ல வேண்டும்.

மேலே சொன்ன டப்ளின் விடயத்துக்கு ஆண்டுகள் பிடிக்கலாம், காத்திருப்போம். கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்குப் புதிய சட்டமோ வெளிநாட்டு உடன்படிக்கையோ தேவையில்லை. தொழிற்கல்விக்குப் பொறுப்பான அமைச்சின் சுற்றறிக்கை ஒன்று போதும். அதை இந்த ஆண்டுக்குள் எதிர்பார்க்கிறோம்.