சக்கரம் இல்லாத கட்டலினா

பொழுதுபோக்கு என்பது பொழுதைப் போக்கடிப்பதன்று, அதனைப் பயனுடையதாக்குவதாகும். இதனை மெய்ப்பிக்கும் கலை ஒன்றைப் பற்றி இவ்வாரம் எழுதக் கருதுகின்றேன். பழைய பிளாஸ்டிக் மாதிரி விமானங்களைப் பொருத்தித் திருத்தியமைக்கும் கலையே அது.

பதுளையிலும், பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பகுதித் தோட்டங்களிலும் வாழும் பிள்ளைகளுக்கு இத்தகைய பெட்டிகள் எளிதிற் கிடைப்பன அல்ல. வெளிநாட்டு உறவினர் கொணர்ந்தோ, கொழும்பிலே பலர் கைமாறியோதான் வந்து சேரும். ஆதலின் வருவது பெரும்பாலும் பழைய பெட்டியே. பழையதென்று அதனை ஒதுக்கிவிடுதல் தகாது. குறையுள்ள பெட்டியே நல்லாசிரியன் என்பேன்.

இத்துறையில் பெயர்பெற்ற எயர்பிக்ஸ் நிறுவனம் 1939இல் இலண்டனில் தொடங்கப்பட்டது. முதலில் காற்றடைத்த விளையாட்டுப் பொருள்களும், பின்னர் தலைவாரும் சீப்புகளும் செய்து விற்ற அந்நிறுவனம், பிற்காலத்தில் ஸ்பிட்பயர் விமானத்தின் மாதிரியை வெளியிட்டது. அதன் விமானங்கள் பல எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்னும் அளவின. ஏன் எழுபத்திரண்டு? ஆறடி என்பது எழுபத்திரண்டு அங்குலம். எனவே ஆறடி உயர்ந்த மனிதன் மாதிரியில் ஓர் அங்குலமாகின்றான். விகிதசமக் கணக்கை இதனினும் தெளிவாக விளக்கும் கருவி வேறுண்டோ?

அக்கணக்கே குறையையும் காட்டிக் கொடுக்கின்றது. பழைய மாதிரிகளின் மேற்பரப்பில் தறையாணித் தலைகள் அம்மைத் தழும்புபோல் எங்கும் புடைத்து நிற்கும். ஆணித்தலை ஒன்று அரை மில்லிமீற்றர் உயர்ந்திருப்பதாகக் கொள்வோம். அதனை எழுபத்திரண்டால் பெருக்கினால், உண்மை விமானத்தில் அது 36 மில்லிமீற்றர் உயர்ந்திருத்தல் வேண்டும். அத்தகைய விமானம் எங்கே பறக்கும்? எனவே நீரில் நனைத்த மெல்லிய அரத்தாளால் அவற்றைத் தேய்த்து நீக்கி, தகடுகள் கூடும் கோடுகளை ஊசிமுனையால் மெல்லக் கீறிக்கொள்ள வேண்டும். நனைத்துத் தேய்ப்பின் தூசி பறந்து நெஞ்சினுட் செல்லாது.

இனி, நம் நாட்டுக்கு மிக நெருங்கிய விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டலினா என்பது நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் பறக்கும் படகு. இரண்டாம் உலகப் போரின்போது காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவியே அதன் தளமாயிருந்தது. 1942 ஏப்ரல் 4ஆந் தேதி, கனடா நாட்டவரான லெனார்ட் பர்ச்சோல் செலுத்திய கட்டலினா, இலங்கைக்குத் தென்கிழக்கே நடுக்கடலில் ஜப்பானியக் கடற்படையைக் கண்டது. செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டது. முன்கூட்டியே எச்சரிக்கை எட்டியிருந்தமையால் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல தப்பின.

எயர்பிக்ஸின் பழைய கட்டலினாப் பெட்டியைத் திறந்து பார்த்தால் அதிலே சக்கரங்கள் இருக்கும். நிலத்திலும் இறங்கவல்ல பிற்கால வகையே அந்த மாதிரி. பர்ச்சோலின் விமானத்துக்கோ சக்கரம் கிடையாது. எனவே கொக்கலையின் கட்டலினாவைச் செய்ய விரும்புவோர், பெட்டி சொல்வதை அப்படியே ஏற்றல் ஆகாது. விலாப்புறத்தில் சக்கரம் அடங்கும் குழிகள் இரண்டையும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் மூடி, இடைவெளியை நிரப்பி, வளைவு பிசகாதவாறு தேய்க்க வேண்டும். மூக்கின் அடியிலுள்ள முன்சக்கரக் கதவுகளையும் அவ்வாறே அடைத்துவிட வேண்டும். தகட்டுக்காகச் செலவிடத் தேவையில்லை. வெற்று யோகட் கிண்ணங்கள் சில இதற்கு உதவும். எல்லாக் கிண்ணமும் ஒட்டாதாதலால், ஓரத்தில் ஒரு துளி பசையிட்டுச் சோதித்தபின் வெட்டுக.

சிறகிலிருந்து வால்வரை செல்லும் வானொலிக் கம்பிக்கும் வழியுண்டு. உறுப்புகளைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை வெட்டி, மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே பிடித்துச் சுழற்றுக. இளகியதும் சுடரை விட்டு விலக்கி இரு கைகளாலும் நிதானமாக இழுத்தால், மயிரிழை போன்ற நூல் நீளும். ஒளிபுகும் பகுதிகளில் கீறல் இருப்பின், பற்பசையை மென்துணியில் தோய்த்துத் தேய்க்க அது மங்கிவிடும்.

ஊவாவில் வாழ்வோர் இரண்டினைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். மாரிக்கால மழையும் மூடுபனியும் கவிந்த நாளில் பூசும் வர்ணம் சிலவேளை வெண்மை பூத்து மங்கும். வெயிலும் உலர்காற்றும் உள்ள நண்பகலே வர்ணத்துக்கு உகந்தது. மற்றொன்று, பசையும் வர்ணமும் நச்சாவி விடுவன, தீயும் பற்றுவன. லயத்துச் சிற்றறையில் கதவை அடைத்துக்கொண்டு வேலை செய்யலாகாது. வாசலில், காற்றோட்டத்தில் அமர்க. பசை திறந்திருக்கும்போது மெழுகுவர்த்தி அருகே வேண்டாம். இளையோர் கத்தியைக் கையாளுங்கால் பெரியோர் ஒருவர் உடனிருத்தல் நன்று.

இவ்விடத்தில் தாய்மார் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “2009 வரை இந்நாடு பட்ட பாடு போதாதா? பிள்ளையின் கையிலும் போர்விமானமா?” நியாயமான கேள்வி, தட்டிக் கழிக்கத் தக்கதன்று. துப்பாக்கிப் பொம்மையை ஏந்திச் சுடுவதுபோல் ஆடும் பிள்ளை, சுடுபவனை மட்டுமே அறிகின்றது. மாதிரியை உண்மைக்கு ஒப்பச் செய்யும் பிள்ளையோ, உள்ளே அமர்ந்தவனையும் அறிந்தாக வேண்டும். பர்ச்சோலின் கட்டலினாவில் ஒன்பதின்மர் இருந்தனர். அவருள் மூவர் மாண்டனர். எஞ்சிய அறுவர் சிறைப்பட்டு, போர் முடியும்வரை வாடினர். சிறைவாசத்தை நமது தியத்தலாவையும் அறியும். தென்னாபிரிக்கப் போரிற் பிடிபட்ட போயர்கள் ஏறத்தாழ 5,000 பேர் 1900 முதல் அங்கே காவலில் வைக்கப்பட்டனர். மரத்தைச் செதுக்கிச் சிறு கைப்பொருள்கள் செய்தே அவருட் பலர் நாளைக் கழித்தனர்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1943 முதல் 1945 வரை, அதே வகைக் கட்டலினாக்கள் கொக்கலைக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையே, எங்கும் தரிக்காமல், கடிதங்களையும் அதிகம் போனால் மூன்று பயணிகளையும் சுமந்து பறந்தன. ஒரு பயணம் 27 மணி முதல் 33 மணி நேரம் வரை நீளும். பயணிகள் வழியிலே இரு சூரியோதயங்களைக் கண்டனர். ஆயுதம் தாங்கிய அதே வகை ஊர்தி அஞ்சற் பையும் தாங்கிற்று. எதனைச் சுமப்பது என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை, மனிதனே தீர்மானிக்கின்றான். இதனை உணரும் பிள்ளை போரை விளையாட்டென எண்ணுமோ?

ஆகவே, பெற்றோரே, பிள்ளைகள் பழைய பெட்டியொன்றைக் கொண்டுவந்தால் தடுக்க வேண்டாம். “இது எப்போது பறந்தது? யார் செலுத்தினர்? பெட்டியிலுள்ளதற்கும் உண்மைக்கும் என்ன வேறுபாடு?” என மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். மாணவரே, விடையைத் தேடிக் கண்டபின் பசையைத் திறவுங்கள். அச்சிட்டு வந்ததெல்லாம் சரியென்று கொள்ளாமல், ஆராய்ந்து, தம் கையாலேயே திருத்தப் பழகியவர்க்கு அப்பழக்கம் விமானத்தோடு நின்றுவிடாது. பாடநூலிலும் வாழ்விலும் துணைநிற்கும்.