பட்டறையும் பள்ளியே

கை கறைபடாமலே கல்வி நிறைவுறும் என்னும் எண்ணம் மலேசியத் தமிழரிடையே வேரூன்றிப் பலகாலம் ஆயிற்று. “படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போகவேண்டும்” என்று பெற்றோர் அச்சுறுத்துவர். ஆசிரியருள்ளும் சிலர் அதனைத் தயங்காமல் வழிமொழிவர். பட்டறை என்பது தோற்றவர்க்கு விதிக்கப்படும் தண்டனை எனப் பத்து வயதுப் பிள்ளையின் நெஞ்சில் பதித்துவிட்டு, பின்னர்த் தமிழ் இளைஞர் கைத்தொழிலில் பின்தங்கினரே என்று மேடையேறிப் புலம்புவதில் பொருள் உண்டா? இவ்வெண்ணம் பிழையானது என்பதை மெய்ப்பிக்கப் பெரிய தத்துவம் எதுவும் வேண்டா. துருவேறிய பழைய லேண்ட்ரோவர் ஒன்றே போதும்.

புக்கிட் தெங்காவில் தொழிற்பேட்டை இயங்குகிறது; அதற்கு அருகிலுள்ள ஜூருவின் ஆட்டோ சிட்டியில் புத்தம்புதிய வண்டிகள் கண்ணாடிச் சுவர்களுக்குப் பின்னே மின்னுகின்றன. நீண்ட தவணைக் கடனில் அவற்றுள் ஒன்றை வாங்குபவனைச் சமுதாயம் முன்னேறியவன் என்று பாராட்டுகிறது. அக்கடனில் ஒரு சிறு பங்கைக்கொண்டு பழைய நாற்சக்கர இயக்க வண்டியை வாங்கி, விடுமுறை நாள்களில் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொள்பவனையோ வேலையற்றவன் என்று எள்ளுகிறது. கடன்பட்டவன் உயர்ந்தவன், கற்பவன் தாழ்ந்தவன் என்னும் இத்தலைகீழ்க் கணக்கு எந்தப் பள்ளியில் பயின்றது?

லேண்ட்ரோவரின் வரலாறே சிக்கனத்தில் பிறந்த வரலாறு. 1947இல் மோரிஸ் வில்க்ஸ் என்னும் பொறியியலாளர் எண்ணத்தில் உருவாகி, 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அவ்வண்டி உலகுக்கு அறிமுகமாயிற்று. போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகு அரிதாயிருந்தமையால் அதன் மேற்கூடு அலுமினியக் கலவையால் அமைந்தது. அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. படையினர், காவலர், தோட்டத் துரைமார் எனப் பலரையும் செம்மண் தடங்களில் சுமந்தது அவ்வண்டியே. இன்றும் கேமரன் மலையின் செங்குத்துப் பாதைகளில் காய்கறி மூட்டைகளைச் சுமந்து செல்லும் பழைய லேண்ட்ரோவர்களைக் காணலாம்; அவற்றை ஓட்டுவோருள் தமிழரும் உளர். தோட்டப் பட்டறைகளில் இத்தகைய வண்டிகளைச் செப்பனிட்ட தமிழர் பலர்க்குச் சான்றிதழ் எதுவும் இருந்ததில்லை. ஒலியைக் கேட்டே நோயை அறியும் செவி அவர்களுக்கு இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோதும் அவ்வறிவைக் குறித்துவைப்பார் எவருமிலர். முதியவர் ஒருவர் மறையுந்தோறும் எழுதப்படாத நூலொன்று எரிகிறது.

இனி, புதிதாய்த் தொடங்குபவன் இவ்வண்டியில் கற்பது யாது? முதலில் அவன் கற்பது வரிசை. அறியாதவன் வண்ணத்தில் தொடங்குவான். அறிந்தவன் அடிச்சட்டத்தில் தொடங்குவான். மேற்கூடு துருப்பிடியாது, ஆனால் அதனைத் தாங்கும் எஃகுச் சட்டமும் முன்தடுப்புச் சுவரும் உள்ளிருந்தே அரிக்கப்படும். சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். கெட்டது மழுங்கிய ஓசை தரும். சட்டம் முற்றிலும் அரிக்கப்பட்ட வண்டி எத்துணை மலிவாயினும் விலையுயர்ந்ததே. சட்டத்திலும் இயந்திரத்திலும் பொறித்த எண்கள் பதிவுப் பத்திரத்தோடு ஒத்துள்ளனவா என்று வாங்குமுன் பார்க்கத் தவறுபவன், சாலையில் ஓட்ட இயலாத சிற்பத்தை வாங்கியவன் ஆவான்.

அடுத்துக் கற்பது பொறுமை. முழு வண்டியையும் ஒரே நாளில் கழற்றுபவன் ஒருபோதும் பூட்டமாட்டான். ஒரு பகுதியைக் கழற்றி, திருகாணிகளைத் தனித்தனி டப்பாவிலிட்டுப் பெயரெழுதி, படம் வரைந்து, அதனை முடித்த பின்னரே மறுபகுதிக்குச் செல்லல் வேண்டும். பழைய வண்டிகளில் திருகுகள் பெரும்பாலும் அங்குல அளவின. இன்றைய மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்துத் திருகினால் தலை மழுங்கிப்போகும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் புகுதல் உயிரோடு விளையாடுவதாகும். உறுதியான தாங்கிகள் இன்றியமையாதன. கையிலுள்ள சிறுதொகையும் சட்டம், பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றுக்கே முதலில் உரியது, இயந்திரம் அதன்பின், வண்ணம் இறுதியில். பொருளியல் பாடத்தில் தேவை, விருப்பம் என்று மனப்பாடம் செய்த வேறுபாடு இங்கே கைவழியே விளங்கும்.

அறிவியலும் அவ்வாறே. அலுமினியமும் எஃகும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெண்பொடியாய் அரிபடும். மின்வேதியியல் பாடம் அங்கே கண்ணெதிரே நிற்கிறது. இயந்திரம் உயிர்பெறாவிடில் எரிபொருள், தீப்பொறி, அழுத்தம் ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாய் ஆராய்ந்து காரணத்தைக் கண்டறிதல் வேண்டும். ஆய்வு முறை என்பது வேறு யாது?

இது பணத்தை விழுங்கும் பித்து என்பார் உளர். பகட்டுக்காகச் செய்வோர்க்கு அஃது உண்மையே. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் உறுப்பைத் தூய்மைசெய்து பொருத்துபவனுக்கும், மாதந்தோறும் இயன்ற அளவே செலவிடுபவனுக்கும் அது பொருந்தாது. பழைய வண்டி தீங்கானது என்பாரும் உளர். சோதனையில் தேறாத வண்டியைச் சாலைக்குக் கொணர்தல் கூடாது என்பதில் ஐயமில்லை. அதற்காகவே செம்மையாகச் செப்பனிடல் வேண்டும் என்பது. தேர்வு கெடும் என்பார்க்கு விடை ஒன்றே: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

கோயம்புத்தூரில் 1893இல் பிறந்து 1974இல் மறைந்த ஜி. டி. நாயுடுவைத் தமிழ் மாணவர் பலரும் அறிவர். பள்ளிப் படிப்பில் நாட்டமற்ற அவர் உணவகத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தில் ஆங்கிலேயர் ஒருவரிடம் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனைப் பிரித்துப் பூட்டியே இயந்திரக் கலையைக் கற்றார். 1920இல் ஒரே பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கினார். 1945இல் அவர் முயற்சியால் எழுந்த பொறியியற் கல்லூரி இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாய் நிற்கிறது. அவர் படத்தைச் சுவரில் மாட்டுகிறோர், அவர் செய்ததைத் தம் மாணவன் செய்தால் மட்டும் ஏன் முகம் சுளிக்கின்றனர்?

நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயரைத் தாங்கிய தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. தமிழர் ஒருவர் பெயர் பொறித்த அவ்வாயிலைத் தம் மாணவர்க்குக் காட்டிய தமிழாசிரியர் எத்தனை பேர்? தமிழுக்கும் இதில் கடமை உண்டு. பட்டறை முதியவர்கள் கருவிக்கும் உறுப்புக்கும் பழுதுக்கும் வழங்கிய சொற்களைத் திரட்டி அகராதியாக்கும் பணியை மாணவர்க்குக் கொடுப்பின், அது கட்டுரைப் பயிற்சியினும் சிறந்த மொழிப்பயிற்சியாகும். உழைப்பவன் நாவில் வாழாத மொழி மேடையில் நெடுநாள் வாழாது.

ஆதலின் ஆசிரியர்கள் இன்றே செய்யத்தக்கது ஒன்று உண்டு. “பட்டறைக்குத்தான் போவாய்” என்னும் வசையை வகுப்பறையிலிருந்து விரட்டுக! எண்ணெய்க் கறை படிந்த கையோடு வரும் மாணவனிடம் “எதனைச் சீர்செய்தாய்?” என்று வினவுக! அவ்வினா எழும் பள்ளியில் அறிவும் உழைப்பும் ஒரே இருக்கையில் அமரும்.