கண்குழிக்குள் விட்டுவைத்த துண்டு

1986-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான சம்பவம் இது. தகரப் பட்டறையில் வேலை பார்த்த ஒருவருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். அவர் கண்ணுக்குள் சில மில்லிமீட்டர் அளவில் இரும்புத் துணுக்கு ஒன்று கிடந்தது யாருக்கும் தெரியாது. காந்தம் இழுத்ததில் துணுக்கு நகர்ந்தது. உள்ளே ரத்தம் கசிந்து அந்தக் கண்ணில் பார்வை போயிற்று.

ஸ்கேன் அறைக்குள் விடும் முன் “கண்ணில் எப்போதாவது இரும்பு பட்டதா?” என்று கேட்பது இதனால்தான். நல்ல கேள்விதான். பதில் சொல்கிறவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே!

கண்குழியில் புதைந்த எல்லாவற்றையும் மருத்துவர்கள் எடுத்துவிடுவதில்லை. கண்ணாடிச் சில்லு, பிளாஸ்டிக், எஃகு போன்றவை ஆழத்தில் சும்மா கிடந்தால், தோண்டப் போய்ப் பார்வை நரம்பைக் கெடுப்பானேன் என்று விட்டுவிடுவார்கள். அது சரியான முடிவே. செம்பு அப்படியல்ல, சீழ் வைக்கும். இரும்பும் விழிக்கோளத்துக்குள்ளேயே இருந்தால் மெல்லக் கரைந்து விழித்திரையைச் சாகடிக்கும். கருவிழியின் நிறம்கூட மாறும்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது மரம். வேலிக் குச்சியோ மூங்கில் சிராயோ இமையில் குத்தி முறிந்தால் வெளியே தெரிவது சிறு கீறல்தான். இரண்டு தையல், ஒரு களிம்போடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சி.டி. ஸ்கேனில் காய்ந்த மரம் காற்றுக் குமிழி போலவே கறுப்பாகத் தெரிவதால், படம் எடுத்தும் கோட்டைவிடுவது உண்டு. மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்து இமையில் ஆறாத துளை விழுந்து சீழ் வடியும். மருந்து சாப்பிட்டால் நிற்கும், நிறுத்தினால் மறுபடி வடியும். கண்குழியின் கூரை மெல்லிய எலும்பு, அதற்கு மேலே மூளை. குச்சி அதைத் துளைத்திருந்தால் மூளையிலேயே சீழ்க்கட்டி வரலாம்.

ஆகவே மருத்துவமனைகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எந்தப் பொருள், எந்த இடத்தில், ஏன் விட்டுவைக்கப்பட்டது, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதித் தர வேண்டும். நோயாளிக்குப் புரியாத சுருக்கெழுத்தில் கிறுக்கினால் அடுத்த மழைக்குள் அந்தச் சீட்டு குப்பைக்குப் போய்விடும். குச்சி குத்தியதென்று சொல்லி வருகிறவரிடம், முறிந்த மிச்சத்தையும் கொண்டுவரச் சொல்லலாம். நுனி இல்லையென்றால் அது எங்கே போனது என்று தேட வேண்டும்.

கிரைண்டிங், வெல்டிங் வேலை பார்த்தவர்களுக்குச் சந்தேகம் இருந்தால், எம்.ஆர்.ஐ.க்கு முன் கண்குழியைச் சாதாரண எக்ஸ்ரே எடுத்தாலே இரும்பு தெரிந்துவிடும்.