இலுப்பை உதிரும் காலை

பங்குனி பிறந்துவிட்டது. மேற்குச் சிங்பூம் குன்றுகளில் பலாச மரங்கள் இலை முழுதும் உதிர்த்துப் பூவாகவே நிற்கின்றன. சக்கரதர்பூரில் வாழும் நம்மவருள் பெரும்பாலோர் இக்காட்சியை ஊருக்குப் போகும்போது இரயில் பெட்டியின் சன்னல் வழியாகக் காண்பதோடு அமைகின்றனர். ஒரு மணி நேரம் நடந்தால் அம்மரத்தின் அடியிலேயே போய் நிற்கலாம். இம்முறை அந்நடையைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

பலாசம் நமக்கு அயலான மரமன்று. புரசு என்று தமிழ்நாட்டில் வழங்குவதும் இதுவே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களுள் பலாசமும் ஒன்று. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடப்பெற்றது அப்பாட்டு என்பது வழிவழியாக வரும் செய்தி. வடபுலத்தானுக்குத் தமிழ் சொல்ல வந்த புலவர் மலைப் பூக்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிச் செல்கிறார். நம் பிள்ளைகளோ வடபுலத்திலேயே பிறந்தவர்கள். மரத்தைக் கண்டால் 'பலாஷ்' என்பார்கள். அப்பெயரும் இருக்கட்டும்; 'புரசு' என்பதும் அவர்கள் காதில் விழட்டும். கிளி மூக்குப் போல வளைந்த இதழைக் கையில் கொடுத்து முகரச் சொல்லுங்கள். மணம் இராது. அவர்கள் ஏமாறும் முகத்தைக் காண்பதும் ஓர் இன்பமே.

சற்றுத் தள்ளி முள்ளிலவு நிற்கும். கையளவு சிவந்த பூக்கள். தேனுக்காக மைனாக்களும் காக்கைகளும் அணில்களும் இடும் பூசல் தொலைவிலேயே கேட்கும். இலவு காத்த கிளியின் கதையை வீட்டில் பலமுறை கேட்ட பிள்ளைகள் இலவ மரத்தைக் கண்டதில்லை. காய் முற்றி வெடித்துப் பஞ்சு பறக்கும் நாளில் மீண்டும் ஒருமுறை அழைத்துச் சென்றால் கிளியின் துயரம் விளங்கிவிடும்.

ஆயினும் இந்நடையின் உயிர் இலுப்பைதான். இங்கே 'மகுவா' என்பர்; நம் ஊர் இலுப்பையினும் இலை அகன்ற வகை. பூ இரவின் பிற்பகுதியில் உதிரத் தொடங்கி, விடிந்து நெடுநேரம் வரை உதிரும். வெளிறிய மஞ்சள் நிறத்தில், சதைப்பற்றோடு, நுங்கின் சிறு துண்டு போலக் கிடக்கும். 'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூச் சர்க்கரை' என்று நாம் ஏளனமாகச் சொல்கிறோம். இங்குள்ள ஹோ மக்களுக்கு அதில் ஏளனம் ஒன்றுமில்லை. உலர்த்தி வைத்த பூ, தானியம் குறையும் நாளில் உணவு, வாரச் சந்தையில் காசு, மதுவும் அதிலிருந்தே. பின்னர்க் காய்க்கும் விதையோ எண்ணெய்.

சென்ற ஆண்டு நான்கு குடும்பங்களாகச் சென்றபோது, மரத்தடி கூட்டி மெழுகிய முற்றம் போல இருந்தது. பிள்ளைகள் அதன்மேல் ஓடி விளையாடினர். குனிந்து பூப் பொறுக்கிக்கொண்டிருந்த முதியவள் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, கூடையை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நம்முடன் வந்த சகோதரியார் அதைக் கண்டு பிள்ளைகளைத் தடுத்து, அவளருகில் அமர்த்திப் பூப் பொறுக்கச் செய்தார். அரைமணிக்குள் கூடையின் கால்பகுதிதான் நிறைந்தது. "இவ்வளவு நேரமா ஆகும், மாமா?" என்று ஒரு சிறுமி நம்மைக் கேட்டாள். அந்தக் கிழவி விடியுமுன்னே வந்தவள்.

பூ தெளிவாகத் தெரிவதற்காக மரத்தடிச் சருகைச் சிலர் தீயிட்டு எரிப்பதுண்டு. அது காற்றில் பரவினால் சாலமரக் கன்றுகள் கருகும். குறை சொல்வது எளிது. ஆனால் கன்றைப் பற்றிப் பேசும் இரயில்வேக்காரர் ஒன்றை எண்ண வேண்டும். 1887-இல் தோன்றிய பெங்கால் நாகபுரி இரயில்வே இம்மலைகளின் ஊடே பாதை அமைத்தது. கான்கிரீட் வருமுன் தண்டவாளத்தை நெடுங்காலம் தாங்கிய ஸ்லீப்பர் கட்டைகளுள் சாலமரக் கட்டைக்குத் தனி மதிப்பு. நம் சோற்றுக்கு வழி செய்த பாதைக்கு இக்காடு கொடுத்தது கொஞ்சமன்று.

அச்சாலமும் இப்போது பூத்திருக்கிறது. சிறு வெண்பூங்கொத்து, காற்று வீசினால் காடே மணக்கும். ஹோ மொழியில் 'பா' என்றால் பூ. 'பா பரப்' என்னும் பூத்திருவிழாவில் சாலப் பூவைத் தெய்வத்துக்குப் படைத்து, மகளிர் கூந்தலில் சூடி ஆடுவர். அழைத்தால் செல்லுங்கள், படம் எடுக்குமுன் கேளுங்கள்.

இலுப்பைப் பூவை யானையும் விரும்பும் என்பதை மறத்தலாகாது. இருள் பிரியுமுன் செல்ல வேண்டா. ஊர்க்காரர் ஒருவர் துணையின்றிக் காட்டுக்குள் நுழையவே வேண்டா. பத்து மணிக்குமேல் வெயில் பொறுக்காது. வர விரும்பும் குடும்பங்கள் இம்மாதக் கடைசி ஞாயிறன்று காலை ஆறு மணிக்குச் சங்கக் கட்டடத்தின் முன் கூடலாம். குடிநீரும் கட்டுச்சோறும் கொண்டு வருக. பூப் பறிக்கக் கூடை வேண்டா.